மாப்பிள்ளை முதுகும் முப்பத்தெட்டாம் நம்பரும்

"குதிரை களைச்சுப் போச்சு மச்சான். யாராவது ஒருத்தர் எறங்கி நடக்கணும்" என்றான் தங்கவேல்.

"அப்ப குதிரையை வண்டியில ஏத்திட்டு நீ இழு" என்றார் இருசப்பன்.

"இழுப்பேன். அது உன்னைவிட எடை கம்மி."

பாகூர் ஏரிக்கரையை விட்டு ஜட்கா குருவிநத்தம் பாதையில் இறங்கியபோது பகல் மணி இரண்டு. வழி நெடுக முந்தாநாள் தீபாவளியின் வெடிக் காகிதம் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது.

இருசப்பன் எல்லைச் சாவடியில் இருபது வருஷம் சுங்கக் காவலராக இருந்தவர். பூசணிக்காய்க்குள் பட்டுத்துணியையும் சவப்பெட்டிக்குள் சாராயத்தையும் முகர்ந்தே பிடித்த மூக்கு அவருடையது. அந்த மூக்கை நம்பி வேலையை விட்டுவிட்டு மூலக்குளத்தில் 'துப்பு துலக்கப்படும்' என்று பலகை மாட்டியிருந்தார். தங்கவேல் அவர் மனைவிக்கு அண்ணன். வண்டி சொந்தம், குதிரை சொந்தம், வாயும் சொந்தம். சம்பளம் வாங்காத உதவியாளன் என்பதால் அவனை வேலையை விட்டு நீக்கவும் வழியில்லை.

வண்டிக்குள் மூன்றாவதாக இருந்தவள் ரோசம்மாள். அவள் கையில், முந்தானையில் நாலு சுற்றுச் சுற்றிய கப்பல் சீட்டு.

"இன்னொரு தபா சொல்லும்மா" என்றார் இருசப்பன்.

"இன்னா சொல்றது? எங்க வூட்டுக்காரரு மரியதாஸ், சைகோன்ல பெரிய ஓட்டல்ல குழாய் பிட்டரு. லீவுல வந்தவரை, பண்ணை வூட்டுல வெள்ளைக்காரன் குளியலறை கட்டித் தான்னு கூப்டாங்க. கட்டிக் குடுத்தாரு. தீபாவளி அன்னிக்கு அந்த வூட்டுப் புது மாப்பிள்ளை அதுல குளிச்சு முதுகு வெந்து போச்சாம். இவரைப் புடிச்சுக் கரும்பாலைக் கொட்டாயில ஒக்கார வெச்சுட்டாங்க. நாலு மணிக்கு குமாஸ்தா வந்து பிராது எழுதப் போறாரு. அதுல கையெழுத்து உழுந்தா நாளைக்குக் காலையில கப்பல்ல ஏத்த மாட்டாங்க. ஏறலைன்னா வேலை போச்சு."

"நாலு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கீது" என்றான் தங்கவேல். "ஒரு வேட்டிக்குப் பேரம் பேசவே எனக்கு மூணு மணி நேரம் ஆவும்."

குதிரைக்கு ரோசம்மாளின் கவலை புரிந்ததோ என்னவோ, தானாகவே வேகம் பிடித்தது.

*

மிராசுதார் சுப்பராயலு வீட்டுக் கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு முதுகு. கட்டிலில் குப்புறக் கிடந்த அந்த முதுகின் மேல் தேன் தடவிய வாழையிலை. இலைக்கு இரண்டு பக்கமும் தோள்கள் தக்காளி நிறத்தில் தெரிந்தன. தலையணைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு வந்திருக்கா மாமா?"

"யாரோ துப்பறியறவராம் மாப்ள. நீங்க திரும்பாதீங்க."

மாப்பிள்ளை பச்சையப்பன் வில்லியனூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித் தருபவர். காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆறாதது வேறு. தலைதீபாவளி எண்ணெயும் சீயக்காயுமாக, ஈரத்துண்டோடு, கோலம் போட்ட முற்றத்தில் நாற்பது உறவினர் நிற்க, அவர் அலறிக்கொண்டு ஓடியிருந்தார். துண்டு பாதி வழியிலேயே பின்தங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு.

சுப்பராயலு மீசையைத் தடவிக்கொண்டு இருசப்பனை அளந்தார். "துப்பறிய இன்னா கீது? அங்க மிஷின் கீது. இங்க முதுகு கீது. ரெண்டையும் சேத்துப் பாரு. முடிஞ்சுது."

"மாப்பிள்ளைக்கு முன்னாடி அதுல வேற யாராவது குளிச்சாங்களா?"

"நல்லா கேட்ட! மாப்பிள்ளை தலையில தண்ணி உழறதுக்கு முன்னாடி நாங்க குளிக்கிறதா? பிட்டர் வேலையை முடிச்சுத் தண்ணி காட்டினான். அன்னிக்கே பூட்டினேன். சாவி இதோ, என் அரைஞாண்லயே தொங்குது. தூங்கறப்பவும் அவுக்கல. ஒரு ஈ, எறும்பு உள்ள போவல."

"வேற சாவி?"

"ஒரே சாவி. எம் பொண்ணு ஆதிலட்சுமி மேல சத்தியம்."

இருசப்பன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "இன்னொரு தபா சொல்லுங்க, எழுதிக்கிறேன். சுத்தியும் நிக்கிற சொந்தக்காரங்க எல்லாம் கேக்கற மாதிரி."

சுப்பராயலு மார்பை நிமிர்த்தி, இரண்டாம் தடவை இன்னும் உரக்கச் சொன்னார். சாவியையும் தூக்கிக் காட்டினார்.

"நல்லா எழுதிக்கோ மச்சான்" என்று தங்கவேல் காதைக் கடித்தான். "இவ்வளவு சுத்தமான சரக்கு தானா வந்து விழறது எப்பவோ ஒரு தபாதான்."

சுவரில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு எழுத்து. அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"அது இன்னா பட்டயம்?" என்றார் இருசப்பன்.

"மிஷினோட வந்த காயிதம். பிட்டர் எழுதினது. நான்தான் பிரெஞ்சுலயே எழுதச் சொன்னேன். வூட்டுக்கு ஒரு கௌரவம் பாரு."

"படிச்சீங்களா?"

"மாட்டிட்டேன்" என்றார் சுப்பராயலு.

*

கரும்பாலைக் கொட்டகையில் மரியதாஸ் ஒரு கவிழ்த்த பானை மேல் உட்கார்ந்திருந்தான். அவனைக் காவல் காக்க வைத்திருந்த மாரிமுத்து, காவல் காப்பதை விட்டுவிட்டு அவனுக்கு இளவெல்லம் தோண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இந்த மாரிமுத்துதான் குளியலறை பாய்லருக்குக் கரும்புச் சக்கை போட்டு எரிப்பவன்.

"நான் போடற நெருப்பு மேல தப்பில்லைங்க" என்றான் மாரிமுத்து, யாரும் கேட்காமலே. "பாய்லர் கொதிக்கத்தான் வேணும்னு பிட்டரு சொல்லிக் குடுத்தாரு. நான் உள்ளேயே போனதில்ல. எனக்கு வெளியில செவத்தாண்ட அடுப்பு மட்டுந்தான்."

ரோசம்மாள் புருஷனைப் பார்த்ததும் அழவில்லை. "வெல்லமா துண்றே?" என்றாள்.

"பசிக்குது புள்ள."

"துண்ணு. சைகோன்ல உனக்குப் பதிலா வேற ஆளு சோறு துண்ணட்டும்."

இருசப்பன் குறுக்கே புகுந்தார். "அப்புறம் சண்டை போடுங்க. மரியதாஸ், அந்த மிஷின் இன்னா செய்யும்? எனக்கும் புரியணும், இவனுக்கும் புரியணும்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுபா" என்றான் தங்கவேல். "மச்சானுக்கு நான் அப்பால சொல்லிக்கிறேன்."

மரியதாஸ் வெல்லத்தை வேட்டியில் துடைத்தான். தொழிலைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவன் முதுகு நிமிர்ந்துகொண்டது. "பிரெஞ்சுல மெலாஞ்சேர்னு பேரு. நம்ம பாஷையில கலப்பு வால்வு. ஒரு பக்கம் பாய்லர்லேர்ந்து வெந்நீர் வரும். கறிகாய் வேகும், அவ்வளவு சூடு. இன்னொரு பக்கம் மேல்தொட்டியிலேர்ந்து பச்சைத்தண்ணி. ரெண்டும் உள்ள கலந்துதான் ஷவருக்குப் போவும். நடுவுல ஒரு உலோகச் சுருள் கீது. சூடு பட்டா விரியும், ஆறினா சுருங்கும். விரிஞ்சா வெந்நீர் வாசலை மூடும், பச்சைத்தண்ணி வாசலைத் தொறக்கும். சுருங்கினா அதுக்கு எதிர்மாறு."

"தராசு மாதிரி" என்றார் இருசப்பன்.

"தராசேதான். எவ்வளவு சூடு வேணும்னு வெளியில நம்பர் போட்ட பித்தளைக் கைப்பிடியில வெச்சுட்டா, அது தானா நிறுத்துக் குடுத்துனே இருக்கும். முப்பத்தெட்டுல வெச்சா முப்பத்தெட்டு. நாப்பதுக்கு மேல திருகவே முடியாம ஒரு தடுப்பு முளையும் வெச்சிருக்கேன்."

"மேல்தொட்டியில தண்ணி தீந்து போச்சுன்னா? வெறும் வெந்நீர் கொட்டுமே?"

"கொட்டாது முசே." ஐயா என்பதற்கு அவன் வாயில் வருவது பிரெஞ்சு முசேதான். "பச்சைத்தண்ணி நின்னா, ரெண்டு மூச்சு விடறதுக்குள்ள வெந்நீரும் நின்னுடும். அதுதான் இதுக்கு உசுரு. பத்து தபா நிறுத்திப் பாத்தேன். தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தேன். அப்புறம்தான் சாவியைக் குடுத்தேன். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முந்தி."

"காகிதத்துல இன்னா எழுதினே?"

"மாசா மாசம் தெர்மாமீட்டர் வெச்சுப் பாரு. இந்த ஊர்த் தண்ணியில உப்பு படியும், உள்ள கீற சல்லடையை எடுத்து வெளக்கு. பத்து நாளு சும்மா கெடந்தா, ஆளு நிக்கறதுக்கு முன்னாடி தண்ணியைத் தொறந்து கை வெச்சுப் பாரு. கைப்பிடியைக் கழட்டாதே. கடைசி வரிக்கு அடியில ரெண்டு கோடு போட்டேன்."

"ரெண்டு கோட்டுக்கும் சேத்துதான் பொட்டு வெச்சிருக்காங்க" என்றான் தங்கவேல்.

*

சுப்பராயலு தாமே முன்னால் நடந்து, தாமே குனிந்து, அரைஞாணை அவிழ்க்காமலே குளியலறைப் பூட்டைத் திறந்தார். அந்தக் கோலத்தில் அவரே கதவுக்கு மாட்டிய தாழ்ப்பாள் போலிருந்தார்.

உள்ளே வெள்ளை ஓடு பதித்த சுவர். அதில் பளபளவென்று வால்வு. பித்தளைக் கைப்பிடியின் உச்சியில் நேர் குத்தாக முப்பத்தெட்டு.

"பாத்தியா?" என்றார் சுப்பராயலு. "நம்பர் அப்படியே நிக்குது. மாப்பிள்ளை குளிச்சப்பவும் இதே முப்பத்தெட்டு. இப்ப சொல்லு, தப்பு யாருது?"

கொட்டகையிலிருந்து கூட்டி வந்திருந்த மரியதாஸ் தண்ணீரைத் திறந்து தெர்மாமீட்டரை நீட்டினான். ஆவி கிளம்பியது. தெர்மாமீட்டரைத் துடைத்து மறுபடி பார்த்தான். "அறுபத்தொண்ணு!"

"இருபத்துமூணு அதிகம்" என்றான் தங்கவேல். "எந்தக் கடையிலயும் இவ்வளவு கொசுறு குடுக்க மாட்டான்."

"நான் சொல்லல?" என்று சுப்பராயலு கர்ஜித்தார். அதே நேரம் கூடத்திலிருந்து "மாமா, விசிறி!" என்று ஈனக்குரல் வந்தது. மாமா விசிறிக்காக ஓடினார்.

இருசப்பன் கதவைச் சாத்தினார். "மரியதாஸ், மேல்தொட்டித் தண்ணியை நிறுத்து."

நிறுத்தினான். ஷவர் ஒரு முறை செருமியது. ஒன்று, இரண்டு. வெந்நீரும் நின்றுவிட்டது.

"தராசு நல்லா கீது" என்றார் இருசப்பன். "எடைக்கல்லுலதான் எவனோ கை வெச்சிருக்கான். கைப்பிடியைக் கழட்டு."

நடுத்திருகாணியில் திருப்புளியை வைத்த மரியதாஸ் அப்படியே நின்றான். "இதைப் பாருங்க முசே. திருகாணிக் காடி கிழிஞ்சு கீது. என் திருப்புளி இப்படிக் கிழிக்காது."

தங்கவேல் குனிந்து பார்த்தான். "இது திருப்புளி வேலை இல்ல. காசு வேலை. ஓரணாவை வெச்சு முறுக்கியிருக்கான். ஆளு யாரோ, கையில காசு கீறவன், திருப்புளி இல்லாதவன்."

கைப்பிடி கழன்று வந்தது. தண்டின் மேல் மரியதாஸ் அரத்தால் இழுத்த ஒரு கோடு. கைப்பிடிக்குள் அதற்கு ஜோடியாக இன்னொரு கோடு. இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கல்யாணச் சண்டையில் சம்பந்திகள் திரும்பிக்கொள்வது போல அவை கால் வட்டம் தள்ளி வேறு வேறு பக்கம் பார்த்தன.

இருசப்பன் கைப்பிடியைக் கவிழ்த்து, அதன் உள் குழியில் மூக்கை நுழைத்தார். இருபது வருஷச் சாவடி மூக்கு. ஒரு முறை இழுத்தார். கண்ணை மூடி இன்னொரு முறை இழுத்தார்.

"கிரீஸ் வாசனை கீது. அது உன்னுது. அதுக்கு மேல ஒண்ணு கீது, அது உன்னுது இல்ல." நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் காட்டினார். காய்ந்த மஞ்சள் பொருக்கு. அதன் நடுவில் சிவப்பு.

"சந்தனம், குங்குமம்!" என்றான் மரியதாஸ். "நான் மாதா கோயிலுக்குப் போறவன் முசே. மெழுகுவத்திதான் ஏத்துவேன்."

"வெளியில பூசினது ஆவியில கழுவிப் போச்சு" என்றார் இருசப்பன். "குழிக்குள்ள ஆவி போவல. ஆனா ஒண்ணு யோசி. மிஷின்லயே மாட்டியிருந்த கைப்பிடிக்குப் பொட்டு வெச்சா, சந்தனம் குழிக்குள்ள எப்படிப் போவும்?"

வழக்கத்துக்கு மாறாக மூடியிருந்த தங்கவேலின் வாய் திறந்தது. "தனியா கழட்டி, வழிய வழியப் பொட்டு வெச்சிருக்காங்க!"

"கருவிக்குப் பொட்டு வைக்கிற நாள் எது?"

"ஆயுத பூஜை."

"வா, சமையக்கட்டுக்குப் போவோம். இந்த வூட்டுல எவன் உள்ள போனான்னு கேட்டா எல்லாரும் பொய் சொல்லுவாங்க. பூஜையில இன்னா வெச்சீங்கன்னு கேட்டா பெருமையா சொல்லுவாங்க."

*

சமையலறையில் சுப்பராயலுவின் மனைவி கலியம்மாள் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். துப்பறிகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். இருசப்பன் ஒரே கேள்விதான் கேட்டார். கலியம்மாள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். கலப்பை, அரிவாள், துப்பாக்கி, தையல் மிஷின் என்று போய் எட்டாவது விரலில் அவள் சொன்ன பொருளைக் கேட்டதும் தங்கவேல் அதிரசத்தை முழுங்க மறந்துவிட்டான்.

"நாலு மணிக்குக் கூடத்துக்கு வாங்கம்மா" என்றார் இருசப்பன். "எட்டாவதை மட்டும் அங்க ஒரு தபா சொன்னா போதும்."

*

நாலு மணிக்குக் குமாஸ்தா அமிர்தம் வந்து பாயை விரித்து, மைக்கூட்டைத் திறந்து, முத்திரைத் தாளை நீவிவிட்டார். சொந்தக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். ரோசம்மாள் வாசற்படியில். மாப்பிள்ளை வழக்கம்போலக் குப்புற.

"எழுதுங்க" என்றார் சுப்பராயலு. "பிட்டர் மரியதாஸ் என்பவன் கெட்ட மிஷினை..."

"மிஷின் கெடல" என்றார் இருசப்பன். "கைப்பிடியை யாரோ கழட்டி, உள்ள கீற தண்டைச் சூட்டுப் பக்கமா திருப்பிட்டு, திரும்பத் தப்பா மாட்டியிருக்காங்க. மேல முப்பத்தெட்டு. உள்ள அறுபத்தொண்ணு." காய்ந்த சந்தனப் பொருக்கை வெற்றிலையில் வைத்து நீட்டினார். "ஆயுத பூஜைக்குக் கழட்டினது."

கூடத்தில் முணுமுணுப்பு. சுப்பராயலுவின் மீசை ஒரு கணம் படுத்து மறுபடி எழுந்தது. அவர் விரல் சட்டென்று கொட்டகைப் பக்கம் நீண்டது.

"மாரிமுத்து! அவந்தான்! பாய்லர்கிட்ட இருக்கறவன் அவந்தான். எழுதுங்க குமாஸ்தா, மாரிமுத்து என்பவன்..."

"இருங்க" என்று இருசப்பன் நோட்டைப் பிரித்தார். "'ஒரே சாவி. தூங்கறப்பவும் அவுக்கல. ஒரு ஈ, எறும்பு உள்ள போவல. எம் பொண்ணு மேல சத்தியம்.' ரெண்டு தபா சொன்னீங்க. ரெண்டாவது தபா நல்லா சத்தமா. மாரிமுத்து போயிருந்தா சத்தியம் பொய். சத்தியம் மெய்யுன்னா, உள்ள போன ஒரே ஆளு..."

முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. நாற்பது ஜோடிக் கண்கள் சாவியைப் பார்த்து, சாவியிலிருந்து மேலே ஏறி, மீசைக்கு வந்து சேர்ந்தன.

"கலியம்மாம்மா" என்றார் இருசப்பன், "பூஜையில எட்டாவதா இன்னா இருந்துது?"

"அதான், அவரு கொண்டாந்து வெளக்கு பக்கத்துல வெச்சாரே, முள்ளு இல்லாத கடியாரம்! பித்தளையில, சுத்தி நம்பரு போட்டு. பாரீசுலேர்ந்து வந்துதுன்னாரு. முள்ளு எங்கன்னு கேட்டேன். 'உனக்கு இன்னா தெரியும்'னாரு."

சுப்பராயலு உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனதால் குமாஸ்தாவின் பாயில் போய் உட்கார்ந்தார்.

"கலப்பைக்குப் பூஜை போட்டேன்" என்றார் மெல்ல. "கரும்பாலைச் சக்கரத்துக்குப் போட்டேன். பாதாளக் கரண்டிக்குக் கூடப் போட்டேன். அவ்வளவு தூரம் கப்பல்ல வந்த மிஷினுக்கு மட்டும் போடாம இருந்தா அது இன்னா நெனைக்கும்? செவுத்தை இடிச்சு எடுத்தாற முடியுமா? அதான், தலையை மட்டும்..."

"எப்படிக் கழட்டினீங்க முசே?" என்றான் மரியதாஸ்.

"காசை வெச்சுத் திருகாணியை எடுத்தேன். வரல. பாதி வந்து சிக்கிச்சு. தேங்காய் மட்டையை முறுக்கற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தேன். வந்துடுச்சு."

"அந்த முறுக்குலதான் தண்டு திரும்பிச்சு. பாதி கழண்டதும் தடுப்பு முளை வேலை செய்யாது."

"ஆனா விஜயதசமியில ஒழுங்காத்தானே மாட்டினேன்! முப்பத்தெட்டு உச்சியில, நீ வெச்ச மாதிரியே!"

"கடியார முள்ளைக் கழட்டிக் கையில வெச்சுனு, உள்ள சக்கரம் சுத்தினப்புறம் பழைய எடத்துலயே குத்தினா மணி சரியா காட்டுமா முசே?"

"ஆனா கடியாரத்துலதான் முள்ளே இல்லியே" என்றாள் கலியம்மாள்.

கட்டிலில் வாழையிலை அசைந்தது. மாப்பிள்ளை இரண்டு நாளில் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "அப்ப... நீங்களா மாமா?"

இதுதான் ஆபத்தான கட்டம் என்று இருசப்பனுக்குத் தெரியும். மாமனாரைச் சபையில் மாட்டிவிட்டால், மாமனார் மானத்துக்காகவே பிராதில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் கலியம்மாள் திறந்தாள்.

"அவரு மாட்டினாரு, சரி. ஆவி குபுகுபுன்னு வருதே, கை வெச்சுப் பாருங்கன்னு நான் வெளியிலேர்ந்து கத்தினேனே, நீங்க இன்னா சொன்னீங்க மாப்ள?"

தலை மறுபடி தலையணைக்குள் போயிற்று.

"சொல்லுங்க மாப்ள. ரெண்டு தபா கத்தினேன்."

தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது. "'முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு அத்தே, விஞ்ஞானம் தப்பாது'ன்னேன்."

"தோள்ல பட்டு எரிஞ்சுதே, அப்பவாவது நவுந்திருக்கலாமே?" என்றான் தங்கவேல்.

"எரியறது என் பிரமைன்னு நெனைச்சேன்யா!"

சுவரோரம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அது தொற்றிக்கொண்டு நாற்பது பேரும் இருமினார்கள். மாப்பிள்ளையின் குரல் அவசரமாக எழுந்தது. "மாமா, பிராது வேணாம். பிராதுன்னா சாட்சி சொல்லணும். சாட்சின்னா நான் சொன்னதையும் சொல்லணும். வில்லியனூர்ல பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குத் தெரிஞ்சா என் பொழைப்பு போச்சு!"

சுப்பராயலுவுக்கு உயிர் வந்தது. "கேட்டீங்களா குமாஸ்தா? மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. தாளைச் சுருட்டுங்க. மரியதாஸ், நீ போலாம்."

மரியதாஸ் போகவில்லை. குளியலறைக்குத்தான் போனான். தெர்மாமீட்டரை ஷவரில் பிடித்துக்கொண்டு, வெறும் தண்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பாதரசம் முப்பத்தெட்டில் நின்றதும் அரத்தால் இழுத்த இரண்டு கோடுகளும் முகம் பார்க்கக் கைப்பிடியை மாட்டினான். மாரிமுத்துவைக் கூப்பிட்டு, சல்லடையை எடுப்பது எப்படி, மாதம் ஒரு முறை சூடு பார்ப்பது எப்படி என்று கையைப் பிடித்துச் செய்ய வைத்தான். சுப்பராயலுவைக் கூப்பிட்டுத் தண்ணீருக்கு அடியில் கையை நீட்டச் சொன்னான். அவர் சுண்டு விரலை மட்டும் நீட்டினார். பிறகு கையை. பிறகு முழங்கை வரை.

"அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னா பண்றதுபா?" என்றார் தணிந்த குரலில்.

"பொட்டை வெளியில வைங்க முசே. சாமி உள்ள போய்ப் பாத்துக்கும்."

வெளியே வந்தால் ரோசம்மாள் வாசலை அடைத்து நின்றாள். "பிராது இல்லேன்னா ஆச்சா? பிட்டர் மாப்பிள்ளையை வேக வெச்சான்னு ஏரி சுத்தியும் பேச்சு. சைகோன்ல பாதிப் பேரு நம்ம பாகூர் கொம்யூன் ஆளுங்க. நாளைக்கு அதே கப்பல்ல நாலு பேராவது போவாங்க. இவரு பொட்டியை எறக்கறதுக்கு முன்னாடி இந்தப் பேச்சு எறங்கிடும். அந்த ஓட்டல் தொரை ஒரு நாளு வெச்சிருப்பானா? தாளு விரிச்சது விரிச்சதுதான். நற்சாட்சி எழுதிக் குடுங்க, ஐயா கையெழுத்தோட."

"அது எப்படி..." என்று சுப்பராயலு இழுத்தார்.

இருசப்பன் பின்னால் நகர்ந்து தங்கவேலுக்கு வழிவிட்டார். பேரம் என்றால் அது அவன் இலாகா.

தங்கவேல் பாயின் ஓரத்தில் குந்திக்கொண்டான். "எழுதுங்க குமாஸ்தா. மரியதாஸ் என்பவர் மிகச் சிறந்த பிட்டர்."

"'மிக' எதுக்கு?" என்றார் சுப்பராயலு. "'சிறந்த' போதும்."

"'சிறந்த' ஓட்டை அடைக்கிறவனுக்குப் போடறது."

"'நல்ல பிட்டர்'னு போடு. அதுக்கு மேல தாங்காது."

"சரி, உங்க இஷ்டம். 'நல்ல பிட்டர்'னே போடுங்க குமாஸ்தா." தங்கவேல் வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினான். "அடுத்த வரி. மேற்படியார் பூட்டிய மிஷினில் யாதொரு குறையும் இல்லை. மாப்பிள்ளை முதுகு வெந்ததற்குக் காரணம், பின்னால் கைப்பிடியைக் கழற்றிய திரு..."

குமாஸ்தாவின் பேனா 'திரு'வில் வந்து நின்றது. "பேரைச் சொல்லுங்க."

கூடம் இருமலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"பேரு போடறதா, 'மிக' போடறதா?" என்றான் தங்கவேல், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "ஏதோ ஒண்ணுதான் முடியும்."

சுப்பராயலு பேனாவைப் பிடுங்காத குறையாகக் குமாஸ்தாவின் கையைப் பிடித்தார்.

"அந்த 'திரு'வை அடிய்யா! 'மிக'வை ரெண்டு தபா போடு!"